ராகேல் அக்காவின் ஐம்பதாம் நாள்

1

இந்த வருஷம் பெந்தெகொஸ்தே ஆராதனையில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கோவிலுக்குள்ளே, பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது, பெண்கள் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு. மருமகள் சொர்ணம் என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது.

சிரிக்காமல் என்ன செய்ய? எங்கள் சபை ஐயர் பிரசங்கபீடத்தில் நின்று, பெரிய செய்தி கொண்டுவந்தவர்போல விரலை உயர்த்தி, "பெந்தெகொஸ்தே நம்ம பண்டிகை மாத்திரமல்ல, பிரியமானவர்களே. ஆதியில் அது யூதருடைய பண்டிகை. பஸ்காவிலிருந்து ஐம்பது நாள் எண்ணி, அறுப்பின் முதற்பலனை ஆண்டவருக்குக் கொண்டுவந்த நாள்" என்றார். சபை முழுதும் அப்படியா என்று வாயைத் திறந்தது. எனக்கு அது இரண்டு வருஷத்துப் பழைய சங்கதி. கிணற்று மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு யூத அம்மாளிடமே கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகன் செல்லத்துரையிடம், "ஏலே, இத நம்ம ஊர்ச் சபைப் பத்திரிகைக்கு எழுதிப் போடு" என்றேன். எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது ஊரில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்கிறேன், அவன் எழுதுகிறான். என் பேச்சை அப்படியே போட்டால் பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்களாம். அதனால் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி அனுப்புகிறான். எங்கேயாவது மிகவும் அழகாக இருந்தால் அது அவன் வேலை, என்னைத் திட்டாதீர்கள்.

2

இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் நான் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். இரண்டும் ஒரே வருஷம் என்பதால் எனக்கு மறக்காது. என் வீட்டுக்காரர் போன பிறகு பனங்காட்டில் நான் ஒருத்தி எதற்கு என்று மகன் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு இங்கே மராமத்து ஆபீசில் குமாஸ்தா வேலை. தைக்காட்டில் ஓட்டு வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே கிணறு. நடுவில் இடுப்பளவு மதில், இரண்டு பக்கமிருந்தும் இறைக்கலாம்.

வந்த புதிதில் இந்த ஊர் தண்ணீரைப் பார்த்தே எனக்கு அழுகை வந்தது. நம்மூரில் ஒரு குடத்துக்காகத் தேரி மணலில் கால் சுட நடந்தோமே, இங்கே கையை நீட்டினால் தண்ணீர். யாருக்கும் அதன் அருமை தெரியவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரை நான் வாழைக்கு ஊற்றினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆபீசில் மகன் மலையாளப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். மீசை வைத்த ஆள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பலகையில் எழுதிப் பழகினான். முதல் தடவை தேறவில்லை. அவன் மகள் கிருபாதான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். கிருபாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் மலையாளம், விளையாட்டு மலையாளம், கனவில் பேசுவதும் மலையாளம். நான், "ஏளா, சோறு திங்கியா?" என்றால் "இப்போ வேண்டா ஆச்சி" என்பாள். ஞாயிறு பள்ளியில் தமிழ் வசனம் ஒப்பிக்க வேண்டுமல்லவா? அதை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பாள். மகனுக்கு அதைப் பார்த்தால் மூஞ்சி சுண்டிப்போகும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு இரண்டு எழுத்தும் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும்.

என்னையே சொல்லுங்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது பேச்சுக்குப் பேச்சு "கேட்டோ, கேட்டோ" என்று முடித்தேனாம். என் தங்கச்சி, "நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், செவிடு ஒண்ணும் இல்ல" என்றாள்.

3

பக்கத்து வீட்டுக்கு ராகேல் அக்கா வந்தது இரண்டு வருஷத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில். கூட அவள் தம்பி ஏலியா, ஐம்பது வயதுத் தையல்காரர். கொச்சிக்கு வடக்கே பறவூர்ப் பக்கம் அவர்கள் ஊர். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். வெள்ளை முண்டும் வெள்ளைச் சட்டையுமாக, முகம் நம் ஆட்கள் முகம்தான். இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே உரல் மாதிரி வீங்கியிருந்தது. யானைக்கால். பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. ராகேல் என்ற பேரைக் கேட்டு நம்மைப் போல வேதக்காரர் என்றே நினைத்தேன்.

ஈஸ்டர் காலையில் நான் ஆப்பம் சுட்டேன். கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவு. எங்கள் ஐயர் கள்ளுக்கு விரோதமாக மாதம் ஒரு பிரசங்கம் செய்வார். ஈஸ்டர் ஆப்பத்தில் மட்டும் மாவு எப்படிப் பொங்கியது என்று கேட்கமாட்டார், நாலு ஆப்பம் சாப்பிடுவார். சுட்டதில் ஆறு எடுத்து, கறிக்குழம்போடு இலையால் மூடி, மதிலுக்கு மேலே ராகேல் அக்காவிடம் நீட்டினேன்.

அவள் இரண்டடி பின்னால் போனாள். "வேண்டா, வேண்டா" என்று கையை உதறினாள். தட்டை மதில்மேல் வைத்தேன். மத்தியானம் பார்த்தேன், இலை விலகாமல் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்தப் பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது.

ஊரில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருவில் நடக்கக்கூடாது, எந்தக் கிணற்றைத் தொடக்கூடாது என்று நம் பாட்டிமார் பட்டது எல்லாம் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. "கிறிஸ்தவப் பேரை வச்சிக்கிட்டு சாதி பாக்குதா பாரு" என்று சொர்ணத்திடம் பொருமினேன். சாயங்காலம் தண்ணீர் இறைக்கும்போது வேண்டுமென்றே வாளியை மதிலில் இடித்து இடித்து இறைத்தேன்.

கிருபா கேட்கவா செய்வாள்? நேரே அந்த வீட்டுக்குப் போய், "எந்தா எங்க ஆச்சி தந்தது கழிக்காத்தே?" என்றாள்; ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேவிட்டாள். அரைமணி நேரம் ஆளைக் காணோம். பிறகு ஓடிவந்தாள். கையில் ஒரு துண்டு ரொட்டி, உப்பலே இல்லாமல் ஓடு மாதிரி.

"ஆச்சி! அவங்க யூதர். நிஜ யூதர். இப்போ அவங்களுக்கு பஸ்கா. எட்டு நாள் புளிச்சது ஒண்ணும் வீட்டுக்குள்ள வரக்கூடாது, தொடவே கூடாது!"

நான் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புளிப்பில்லா அப்பம்! பிறந்ததிலிருந்து காதில் கேட்ட வார்த்தை. எகிப்திலிருந்து புறப்பட்டவர்கள் மாவு புளிக்க நேரமில்லாமல் சுட்டது. அதை வருஷாவருஷம் கோவிலில் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு, உயிரோடு ஒரு இஸ்ரவேல் மனுஷி பக்கத்து வீட்டுக்கு வந்தால், பஸ்கா வாரத்தில் கள்ளு ஊற்றிப் புளித்த ஆப்பத்தைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். போதாதென்று வாளியை வேறு இடித்திருக்கிறேன்.

வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். மதிலருகே போய்க் கூப்பிட்டேன். "அக்கா, நீங்க மோசேக்குச் சொந்தமா?"

ராகேல் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "கொறச்சு தூரத்துச் சொந்தம், பாக்கியம்மே."

4

அன்றைக்கு நான் எண்ண ஆரம்பித்தேன். ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தேக்கு ஐம்பது நாள் என்பது நமக்கும் உள்ளதுதானே. சோறு பொங்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியைப் பானையில் போட்டு வைப்போமே, அந்தப் பிடியரிசிதான் எனக்குப் பஞ்சாங்கம். அரிசி போடும்போது, "இன்னைக்கு ஒண்ணு" என்றேன்.

மதிலுக்கு அப்பாலிருந்து ராகேல் அக்கா, "ஞங்களுக்கு இன்னு அஞ்சு" என்றாள்.

அவர்களும் எண்ணுகிறார்கள்! பஸ்காவின் இரண்டாம் ராத்திரி தொடங்கி, ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் ஏலியா புத்தகத்தைப் பார்த்து எபிரெயத்தில் ஒரு ஜெபம் சொல்வார், இன்றைக்கு இத்தனையாம் நாள் என்பார். அக்கா பின்னாலேயே சொல்வாள். அவளுக்கும் எபிரெய எழுத்து தெரியாது, கேட்டுக் கேட்டு வாயில் நின்றதுதான். இதைக் கேட்டதும் எனக்கு அவள்மேல் இன்னும் பிரியம் கூடிவிட்டது.

"ஆதியில ஒரு கட்டு வாற்கோதுமைக் கதிர் கொண்டுபோய்க் கொடுக்கும். அதுமுதல் ஏழு வாரம் எண்ணும். ஐம்பதாம் நாள் கோதுமையோட முதற்பலன். அன்னு புளிச்ச மாவில் ரெண்டு அப்பம் சுட்டுக் கொண்டுபோகணும்" என்றாள்.

"புளிச்ச மாவுலயா?"

"அதே. அன்னு புளிச்சதுதன்னெ வேணும்."

"அப்படின்னா அன்னைக்கு எங்க ஆப்பம் ஆகும்!"

"நின்டெ சட்டியில் வேண்டா. என்டெ சட்டியில் சுடலாம், கேட்டோ."

அவள் மலையாளத்தில் சொல்வாள், நான் நம் பேச்சில் கேட்பேன். கிருபா நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்ப்பாள். கொஞ்ச நாளில் அவள் எங்களை விட்டு மாங்காய் பொறுக்கப் போய்விட்டாள். நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம், ஒரு வார்த்தைகூடத் தட்டவில்லை. எனக்கு முதல் பெந்தெகொஸ்தே நடந்த மேல்வீட்டறை ஞாபகம் வந்தது. பலத்த காற்றும், அக்கினிமயமான நாவுகளும், சீஷர்கள் பேசியதை ஒவ்வொரு தேசத்தானும் தன் பாஷையில் கேட்டதும். அந்த நாளில் சபை பிறந்தது என்று அக்காவுக்குச் சொன்னேன்.

அவள் தலையசைத்தாள். "எங்களுக்கும் அன்னு தீதன்னெ. மோசே மலைமேல் நின்ன நாள் அது. மலை முழுக்கத் தீ, சத்தம், எல்லாரும் பேடிச்சு, பயந்துபோய் நின்னு. நியாயப்பிரமாணம் கிட்டியது அன்னாணு." கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கு நாக்கில தந்து, எங்களுக்குக் கல்லில தந்து."

இதை எங்கள் ஐயரிடம் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாக்கியம்மா, அந்த அம்மாளப் பெந்தெகொஸ்தே ஆராதனைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். நான் வந்து அழைத்தேன். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களையே விளிக்குந்நோ, பாக்கியம்மே?"

நான் அதற்குமேல் அழைக்கவில்லை.

5

இனிதான் கஷ்டமான பாகம்.

பறவூர்ப் பக்கத்து யூதர்கள் எல்லோரும் தங்கள் பழைய தேசமான இஸ்ரவேலுக்குப் புறப்படுகிறார்கள். வீட்டை விற்றாயிற்று, சாமான் கட்டியாயிற்று. ஆனால் போகிறவர்களுக்கு வியாதி இல்லை என்று டாக்டர் காகிதம் வேண்டும். முக்கியமாக யானைக்கால். அந்தத் தேசத்தில் அது பரவிவிடும் என்று அங்கே உள்ளவர்களுக்குப் பயமாம். ராகேல் அக்காவின் ஒரே மகன் யோசேப், அவன் மனைவி, நாலு பிள்ளைகள் எல்லோருக்கும் அனுமதி வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை. "அம்மை இல்லாமல் நான் இல்லை" என்று மகன் ஒரே பிடியாக நிற்கிறான். பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை சாப்பிட்டு, ரத்தம் கொடுத்து, டாக்டர் எழுதுவதைப் பம்பாயில் உள்ள அந்தத் தேசத்து ஆபீசுக்கு அனுப்பினால், அங்கிருந்து முடிவு இந்தத் திருவனந்தபுரம் வீட்டுக்கே வரும். அதற்காகத்தான் பண்டிகைக்குக்கூட ஊருக்குப் போகாமல் இருக்கிறாள்.

நான் மகனைப் பிடித்தேன். "ஏலே, நீ கவர்மெண்டு ஆபீசு. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எம்மா, நான் ரோட்டுக்குக் கல்லு எத்தன வண்டின்னு எழுதுதவன். எனக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன?"

என்றாலும் போனான். இரண்டு நாள் லீவு போட்டு, இந்த ஜன்னலில் கேட்டால் அந்த ஜன்னல், அந்த ஜன்னலில் கேட்டால் திங்கள்கிழமை என்று அலைந்து, டாக்டர் எழுதியதைப் பார்த்துவிட்டு வந்தான். ரத்தத்தில் இப்போது வியாதி இல்லை. காலில் வீக்கம் இருக்கிறது, அது இனிப் போகாது. இரண்டையும் டாக்டர் எழுதியிருந்தார். இரண்டும் உண்மை. பம்பாயில் எந்த உண்மையைப் பார்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அதுமுதல் நாங்கள் எண்ணியது வெறும் பண்டிகைக்கு மட்டுமல்ல. நான் இருபது என்றால் அவள் இருபத்துநாலு. கடிதம் இல்லை. நான் முப்பத்தைந்து, அவள் முப்பத்தொன்பது. கடிதம் இல்லை.

அவர்களுடைய ஐம்பதாம் நாள் ஒரு புதன்கிழமை வந்தது. எங்களுக்கு அடுத்த ஞாயிறு. செவ்வாயன்றே மாவு அரைத்துக் கள் ஊற்றி வைத்தோம். அடுப்பையும் அக்கா அன்றைக்கே பற்றவைத்து அணையாமல் காத்தாள். பண்டிகையன்று புதிதாய்த் தீ மூட்டக்கூடாதாம், இருக்கிற தீயில் சமைக்கலாமாம். புதன் காலை அவள் சட்டியில், அவள் கரண்டியால் நான் ஆப்பம் ஊற்றினேன். அவள் இடுப்பில் கைவைத்து என் வேலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசலில் தபால்காரர் மணியடித்தார்.

"ராகேல் அம்மைக்கு ரிஜிஸ்தர். பம்பாய்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏலியா வாசலுக்குப் போனார். கையை நீட்டவில்லை.

"ஒப்பு இடணும்" என்று தபால்காரர் பேனாவை நீட்டினார்.

"இன்னும் நாளையும் எங்களுக்குப் பெருநாள். எழுதான் பாடில்லா, எழுதக்கூடாது" என்றார் ஏலியா.

"பேனா என்டெ. மையும் என்டெ. கையொன்னு அனக்கியால் மதி." கையை அசைத்தால் போதுமாம்.

"அதாணு பாடில்லாத்தது."

தபால்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கையெழுத்தில்லாமல் தரமுடியாது, நான் என்ன இதைச் சுமந்துகொண்டு திரியவா, திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். திருப்பினால் பம்பாய்க்குப் போய் வர இன்னும் எத்தனை நாளோ. ராகேல் அக்காவுக்கு முகம் சாம்பலாகிவிட்டது, ஆனாலும் அவள் தம்பியை எழுது என்று சொல்லவில்லை. அந்தக் கட்டளை வந்த நாளிலேயே அதை எப்படி மீறுவாள்?

நான் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். "அய்யா, நான் வாங்கிக்கிடுதேன். கைநாட்டு ஆகுமா?"

"ஞான் நின்னோடு பறஞ்ஞில்லா, கேட்டோ" என்றாள் அக்கா பின்னாலிருந்து. அவள் என்னைச் செய்யச் சொல்லவும் கூடாதாம்.

"நீங்க சொல்லல அக்கா. நானாத்தான் செய்யுதேன்."

தபால்காரர் என்னைப் பார்த்தார், அந்தக் காலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். அடுத்த வீட்டுக்காரி வாங்கியதாக எழுதி, கிருபாவைச் சாட்சிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி, என் பெருவிரலில் மையைத் தேய்த்தார். எழுத்துத் தெரியாததால் என் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கடிதம் வந்தது. ஆனால் யார் பிரிப்பது? பண்டிகை இரண்டு நாள். காகிதத்தைக் கிழிப்பதும் கூடாது. கிருபா, "ஞான் கிழிக்காம், ஆச்சி! ஞான் வாயிக்காம்!" என்று குதித்தாள்.

ராகேல் அக்கா அவள் தலையில் கைவைத்தாள். "வேண்டா மோளே. அது உள்ளில என்ன இருக்கோ, அது நாளைக்கும் அதுதன்னெ இருக்கும்." பிறகு என்னைப் பார்த்தாள். "நின்டெ கையில இருக்கட்டே, பாக்கியம்மே. வாயிக்கத் தெரியாத ஆள் நீதானே இங்கே."

இரண்டு நாள் அந்தக் கடிதம் என் பிடியரிசிப் பானைக்குள் கிடந்தது. வேறெங்கும் வைக்க எனக்குத் தைரியமில்லை. சோறு பொங்கப் போகும்போதெல்லாம் பானையைத் திறந்து பார்ப்பேன். மேலே ஆங்கிலத்தில் அடித்த எழுத்து. கிருபா வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினாள். ஒரு சாத்துச் சாத்தினேன். சாத்திவிட்டு நானே வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியப்போகிறது? ஒரு எறும்பு வரிசை உள்ளே இருந்தது, அவ்வளவுதான்.

அந்த இரண்டு நாளும் அக்கா ஒரு தடவைகூடக் கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று கூடவே வந்த ரூத்தின் கதையை அந்தப் பண்டிகையில் வாசிப்பார்களாம். ஏலியா வாசித்தார், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் மெதுவாக, "என் யோசேபும் அப்படியே ஒரு பிடிவாதக்காரன். அதாணு எனக்குப் பேடி" என்றாள்.

6

வியாழக்கிழமை பொழுது சாய்ந்து, மாமரத்துக்கு மேலே மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏலியா பிரித்தார். என் மகனும் வந்து விளக்கருகே நின்று வாசித்துச் சொன்னான். யோசேப் குடும்பத்துக்குத் தடையில்லை, அடுத்த கூட்டத்தோடு புறப்படலாம். ராகேல் என்பவரை இப்போதைக்கு அனுப்புவதற்கில்லை. பிறகு பரிசீலிக்கப்படும்.

அக்கா காலை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

பிறகு தம்பியிடம், "யோசேபுக்கு ஒரு கத்து எழுதணும். அம்மைக்கும் அனுமதி கிட்டின்னு எழுது" என்றாள்.

ஏலியா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஞான் எழுதில்லா, சேச்சி."

"அப்போ மோளு எழுதும்." கிருபாவைக் கூப்பிட்டாள். "எழுது மோளே. அம்மைக்கும் கிட்டி. கால் நீர் வத்த ரெண்டு மாசம் ஆகும்னு டாக்டர் பறஞ்ஞு. நீ பிள்ளைகளோட முன்னால போ. அம்மை அடுத்த கூட்டத்தோட வரும்."

கிருபா பேனாவைக் கீழே வைத்தாள். "அது கள்ளமல்லே, அம்மச்சி?"

"கள்ளம்தன்னெ" என்றாள் ராகேல் அக்கா.

நான் சொல்லிப் பார்த்தேன். "உண்மையச் சொல்லுங்க அக்கா. உங்க மகன் இங்கயே நின்னுருவான்லா."

"நிப்பான். ஊரெல்லாம் போன பிறகு என் பேரப்பிள்ளைகள் யாரோட கூடிக் கும்பிடும்? யாரைக் கல்யாணம் கழிக்கும்? என்டெ ஒரு காலுக்காக ஆறு பேரையும் இங்கே கட்டி வைக்கவோ?"

கிருபா என்னைப் பார்த்தாள். பொய் சொன்னால் நாக்கில் சூடு போடுவேன் என்று அவளை வளர்த்தவள் நான். மூன்று நாளில் பெந்தெகொஸ்தே. என் மகன் என்னைப் பார்க்காமல் விளக்குத் திரியைத் தூண்டினான். அங்கே இருந்தவர்களில் யார் கையிலும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் ஒரு பேனா மட்டும் இருந்தது.

"எழுதுளா" என்றேன்.

எழுதினாள். அழகாக, ஒரு அடித்தல் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில், வேதத்தில் பெந்தெகொஸ்தே நாளில் கூடினவர்களின் பட்டியலை வாசித்தார்கள். பார்த்தர், மேதர், ஏலாமீத்தர், இன்னும் எந்தெந்த நாட்டிலிருந்தோ பண்டிகைக்கு எருசலேமில் வந்து தங்கியிருந்த யூதர்கள். வருஷாவருஷம் அதை நான் வெறும் பேராகக் கேட்டு, எப்போது முடியும் என்று உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆள் தெரிந்தார். அத்தனை பேரில் கால் வீங்கினவர்கள் ஒருத்தராவது இருந்திருப்பார்கள்தானே. அவர்களை எந்த வாசலிலும் யாரும் நிறுத்தவில்லையே என்று நினைத்தேன். திங்கட்கிழமை அக்கா மகனை வழியனுப்பப் பஸ் ஏறினாள். படியில் அந்தக் காலைத் தூக்கிவைக்க நானும் ஏலியாவும் பிடித்தோம்.

யோசேப் போய்விட்டான். அங்கே ஏதோ வறண்ட மேட்டில் கோழி வளர்க்கிறானாம். அம்மா சொன்னது பொய் என்று தெரிந்து போனானா, தெரியாமல் போனானா, அதை அவன் எழுதவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. அக்காவும் ஏலியாவும் இங்கே திரும்பி வரவில்லை, பறவூர்ப் பக்கமே தங்கிவிட்டார்கள். அவர்கள் ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். இப்போது ஊரில் ஆறு பேர்தான். அதனால் இந்த வருஷம் ஐம்பதாம் நாளை அக்காவும் ஏலியாவும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்களாம். போன வாரம் ஏலியா எழுதிய கடிதத்தைக் கிருபா வாசித்துச் சொன்னாள். மூன்றாம் தடவையாகக் காலைப் பார்த்தார்களாம். மூன்றாம் தடவையும் இப்போதைக்கு இல்லையாம்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொர்ணம் என்னை ஐயரிடம் தள்ளிக்கொண்டு போனாள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ராகேல் அக்காவுக்காக ஒரு ஜெபம் செய்யச் சொன்னேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், பொய் எழுதச் சொன்னதையும் சேர்த்து.

ஐயர் வெகுநேரம் கேட்டார். "கால் சுகமாகணும்னு ஜெபிக்கவா, பாக்கியம்மா? இல்ல, அந்தச் சட்டம் மாறணும்னு ஜெபிக்கவா?"

"ரெண்டுல ஆண்டவருக்கு எது லேசோ, அதச் செய்யச் சொல்லுங்க, ஐயரே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு கண்ணை மூடினார். நானும் மூடினேன். ஜெபம் தொடங்கக் காணோமே என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஐயர் வாயைத் திறந்தபடி நின்றார், எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல்.